வயலுக்கு அடிப்பதும் மருந்து, வாயில் போடுவதும் மருந்து

"அப்பா மருந்தடிக்கப் போயிருக்காரு" என்றால் தோளில் ஸ்பிரேயர் ஏறியிருக்கிறது. "அப்பா மருந்து சாப்பிடுறாரு" என்றால் பிரஷருக்கோ சுகருக்கோ. "மருந்தைக் குடிச்சிட்டாரு" என்று யாராவது கத்தினால் தெருவே ஓடிவரும். மூன்றுக்கும் ஒரே சொல்தான். பேச்சு இப்படிக் கலந்து கிடப்பதில் ஒரு நியாயம் உண்டு, ஏனென்றால் நஞ்சியலும் இரண்டையும் ஒரே தராசில்தான் வைக்கிறது. வார்ஃபரின் 1948-ல் எலியைக் கொல்லச் சந்தைக்கு வந்தது. 1954-ல் அதே பொருள், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையாக மனிதருக்கு அனுமதி பெற்றது. மாறியவை அளவும் கண்காணிப்பும்தான்.

அதனால் டப்பாவோ அட்டையோ எது கைக்கு வந்தாலும் ஐந்து கேள்வி கேளுங்கள். உள்ளே என்ன பொருள்? எவ்வளவு? எந்த வழியாக உடம்புக்குள் போகும்? எத்தனை நாள்? யாருடைய உடம்பு? முதல் இரண்டை எல்லோரும் எப்படியாவது கேட்டுவிடுகிறார்கள். விபத்துகள் பெரும்பாலும் மற்ற மூன்றில் நடக்கின்றன.

டப்பாவில் உள்ள நிறம்

இந்தியாவில் விற்கும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி லேபிளில், முனையில் நிற்பதுபோலச் சாய்த்து வரைந்த ஒரு சதுரம் இருக்கும். மேல் பாதியில் எச்சரிக்கைச் சொல், கீழ்ப் பாதியில் நிறம். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, மண்டையோட்டுக் குறியும் இருக்கும். அடுத்தது மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் வகுத்த வரிசை இது. சோதனை விலங்குகளுக்கு வாய்வழி கொடுக்கும்போது அவற்றில் பாதி சாகும் அளவை வைத்து நிறம் தீர்மானமாகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 50 மி.கி. வரை சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. தோல்வழிச் சோதனைக்குத் தனி அளவுகோல் உண்டு.

இந்த நிறம் எதைச் சொல்லவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதுதான் அதில் இருக்கிறது. இருபது வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் என்ன ஆகும் என்று நிறம் சொல்லாது. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே 2000-ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். அங்கே பாதிக்கப்பட்டவர்கள் டப்பாவைத் திறந்தவர்கள்கூட இல்லை, கீழே குடியிருந்தவர்கள். உச்ச நீதிமன்றம் 2011-ல் அதற்குத் தடை போட்டது. ஆகவே லேபிளில் பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டு அடிக்க இறங்காதீர்கள்.

கலக்கும் ஐந்து நிமிடம்

தெளிக்கும் நேரத்தைவிடக் கலக்கும் நேரம்தான் ஆபத்தானது. கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 2 மி.லி. என்று லேபிள் சொன்னால், 16 லிட்டர் டேங்குக்கு 32 மி.லி. தெளிக்கும் கரைசலில் டப்பாச் சரக்கு 500-ல் ஒரு பங்கு. அப்படியென்றால் மூடியைத் திறக்கும்போது விரலில் வழியும் ஒரு சொட்டு, தெளிப்பில் மேலே படும் 500 சொட்டுக்குச் சமம். இது தெரிந்தால் மூடியாலேயே அளந்து, குச்சி கிடைக்கவில்லை என்று கையை விட்டுக் கலக்கும் பழக்கம் யாருக்கும் வராது.

அளக்க ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளை வாங்கி, அதில் "மருந்து" என்று பெயின்ட்டில் எழுதி, சமையலறைப் பக்கமே வராமல் வையுங்கள். கையுறை நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும். துணிக் கையுறை வெறுங்கையைவிட மோசம். நனைந்ததும் மருந்தைத் தோலோடு ஒட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும். டேங்கில் பாதித் தண்ணீர், பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர். விளிம்புவரை நிரப்ப வேண்டாம், நடக்கும்போது மூடி வழியாகத் தளும்பும்.

அந்தத் தளும்பல் எங்கே போகிறது? முதுகில் இறங்கி, இடுப்பில் கட்டிய லுங்கியில் ஊறி, தொடைக்கு நடுவே தங்கும். பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்து முன்பு செய்த சோதனையில், முன்கைத் தோல் உறிஞ்சியதைப்போல நெற்றித் தோல் ஏறக்குறைய நாலு மடங்கும், விதைப்பைத் தோல் பத்து மடங்குக்கும் மேலும் உறிஞ்சின. அதனால் ஸ்பிரேயரில் முதலில் பார்க்க வேண்டியது மூடியின் வாஷர். தேய்ந்திருந்தால் சில ரூபாய்க்கு மாற்றிவிடலாம். நாசில் அடைத்தால் வாயால் ஊதுகிறவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. ஒரு பழைய பல்துலக்கியும் மெல்லிய கம்பியும் பையில் இருந்தால் போதும்.

வாயைத் துண்டால் கட்டிக்கொள்வது துளியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. காற்று உங்களைத் தாண்டிப் போகும் திசையில் தெளியுங்கள். உச்சிவெயிலில் வேண்டாம். வியர்வையில் நனைந்த சூடான தோல் கூடுதலாக உறிஞ்சும், பாதுகாப்பு உடையும் உடம்பில் நிற்காது. முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது வேலைக்குப் போன இடத்தில் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறிய நஞ்சு.

காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி, டப்பாவைக் குத்தி ஓட்டை போடுங்கள். ஓட்டை எதற்கு என்றால், மறுபடி எதையும் அதில் ஊற்றி வைக்க முடியாது. 2013-ல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது.

வெயில் மயக்கமா, மருந்து ஏறியதா?

வயலில் ஒருவர் வியர்த்து, தலைசுற்றி உட்கார்ந்துவிட்டால் "வெயில்தான்" என்று மோர் கொடுப்பார்கள். வியர்வை இரண்டிலும் வரும். பிரித்துப் பார்க்க கண்ணையும் வாயையும் பாருங்கள். கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருக்கிறதா? எச்சில் ஒழுகுகிறதா, கண்ணீர் வழிகிறதா, மூச்சில் சளி களகளக்கிறதா, தசை இழுத்து இழுத்துத் துடிக்கிறதா? வயிற்றுப்போக்கு இருக்கிறதா? இருந்தால் அது வெயில் இல்லை. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி ஏறியிருக்கிறது, இல்லையென்றால் கார்பமேட் வகை.

குளோர்பைரிபாஸ், புரொஃபெனோபாஸ், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட்டுகள். நரம்பு தசைக்குச் செய்தி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. சொல்லி முடித்ததும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை அழிக்கிறது. இந்த மருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன. பேசி முடித்தபின்னும் ஒலிபெருக்கியை அணைக்காமல் விட்டதுபோல எல்லாச் சுரப்பியும் எல்லாத் தசையும் ஓயாமல் வேலை செய்யும். ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி போடுவது இதற்குத்தான்.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. நோயாளி தெளிந்து பேச ஆரம்பித்ததும் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போய்விடுகிறார்கள். சிலருக்கு 24 முதல் 96 மணிநேரத்துக்குள் இரண்டாவது கட்டம் வரும். முதல் அடையாளம், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. கழுத்துக்குப் பிறகு மூச்சுத் தசை தளரும். அப்போது வென்டிலேட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும், வீட்டுக் கட்டிலில் இருக்கக் கூடாது.

இனி, யாருடைய உடம்பு என்ற கேள்வி. மறதிநோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், தசைத் தளர்ச்சி நோயான மயஸ்தீனியாவுக்குக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் இவையெல்லாம் அதே நொதியைத்தான் அளவாகத் தடுக்கின்றன. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் மருந்தடிக்கும் வேலைக்குப் போகக் கூடாது. இரண்டும் ஒரே திசையில் தள்ளும். இன்னொன்று, அண்மையில் மருந்தடித்தவருக்கு அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்த்தியை உடைக்கும் நொதியும் இதே குடும்பம். அது குறைந்திருந்தால் சில நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. இதை டாக்டர் கேட்கமாட்டார். நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

வீட்டுக்குள் இருப்பவை

பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் "டபுள் சுத்தம்" என்று ஒரு நம்பிக்கை. சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. அது காற்றைவிடக் கனம், குனிந்து தேய்க்கிறவரின் மூக்கு மட்டத்திலேயே நிற்கும். நெடி அடித்ததும் போட்டதைப் போட்டபடி விட்டு, கதவைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். அப்போது இருமல் அடங்கினாலும் சில மணிநேரம் கழித்து மூச்சுத் திணறல் கூடலாம். கூடினால் ஆஸ்பத்திரிதான்.

பாச்சை உருண்டையை யாரும் இரசாயனம் என்றே நினைப்பதில்லை. பிறந்த குழந்தைக்குத் தூளி கட்ட, பீரோவிலிருந்து மெத்தென்ற பழைய நூல் சேலையை எடுப்போம். அதில் மாதக்கணக்கில் நாஃப்தலின் ஏறியிருக்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தையாக இருந்தால், அந்த ஆவியும் தொடுகையுமே சிவப்பணுக்களை உடைக்கப் போதும். உடம்பு மஞ்சளாகும், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும். சேலையைத் துவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, நெடி துளியும் இல்லாதபோது கட்டுங்கள். அதைவிட, குழந்தைத் துணி இருக்கும் பீரோவில் உருண்டையே போடாமல் இருப்பது நல்லது. இதே நொதிக் குறைவு உள்ளவர்களுக்கு மலேரியாவுக்கான பிரைமாகுயின், தொழுநோய்க்கான டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபியூரண்டாயின் ஆகியவையும் அதே கேட்டைச் செய்யும். ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் அது ஆயுளுக்குமான தகவல். எல்லாச் சீட்டிலும் மேலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேக் வடிவ எலிமருந்தில் இருப்பது பெரும்பாலும் புரோமடியோலோன். வார்ஃபரினின் அண்ணன் என்று சொல்லலாம், வேலையும் அதுவே. ஆனால் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். குழந்தை கடித்துவிட்டால் அன்றைக்கு ஒன்றுமே தெரியாது, ஓடியாடும். ரத்தம் உறையாமல் போவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியவரும். "நல்லாத்தானே இருக்கா" என்று காத்திருக்க வேண்டாம், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நஞ்சை முறிக்கும் மருந்து வைட்டமின் கே.

மாத்திரை அட்டையை வாசிப்பது

பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை மறந்துவிடுங்கள். பொருளின் பெயரையும் மி.கி. அளவையும் மட்டும் பாருங்கள். மெடிக்கலில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும் முனை கடையிலேயே நின்றுவிடும். முனை உங்களிடம் வரும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் போனில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் நெடுக சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவோ, பாதியில் நிறுத்தவோ கூடாத மருந்து. ஆர்எக்ஸ் குறி சிவப்பில் இருந்து, எச்சரிக்கை வாசகம் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தால் அது எச்1 பட்டியல். 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. வீரியமான ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, பழக்கமாகிவிடும் சில மருந்துகள் இதில் உண்டு. கடைக்காரர் நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எழுதாமல் கொடுக்கும் கடை உங்களுக்குச் சலுகை காட்டவில்லை.

பாராசிட்டமாலைக் கொண்டு ஒரு கணக்கு. காய்ச்சலுக்கு 650 மூன்று வேளை, 1950 மி.கி. முதுகுவலிக்கு எலும்பு டாக்டர் எழுதிய அசெக்ளோஃபெனாக் கலவை மாத்திரையில் 325, இரண்டு வேளைக்கு 650. சளிக்குக் கடையில் கேட்டு வாங்கியதில் 500, மூன்று வேளைக்கு 1500. கூட்டினால் 4100. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4000 மி.கி. குடிப்பழக்கமோ ஈரல் நோயோ இருந்தால் அதைவிடக் குறைவு. மூன்று மாத்திரை, மூன்று பெயர், யாரும் தப்பாக எழுதவில்லை, ஆனாலும் வரம்பு தாண்டிவிட்டது. ஈரல் கெடுவது முதல் நாள் குமட்டலோடு நின்று, பிறகுதான் தலைகாட்டும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து 8 மணிநேரத்துக்குள் போட்டால் மிக நன்றாக வேலை செய்யும், அதனால் சந்தேகம் வந்த உடனே போக வேண்டும்.

குழந்தைகளுக்கு இன்னும் கவனம். அளவு எடைக்கு ஏற்ப, ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 180. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பானால் அது ஏழரை மி.லி. ஆனால் சொட்டு மருந்துப் பாட்டிலில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். அதில் ஏழரை மி.லி. ஊற்றினால் 750 மி.கி., நாலு மடங்கு. "ஏழரை மில்லி" என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பாட்டிலை மாற்றினால் நடப்பது இதுதான். டீஸ்பூனை நம்ப வேண்டாம், பாட்டிலோடு வரும் குவளையை எடுங்கள். குளோர்ஃபெனிராமினும் ஃபீனைல்எஃப்ரினும் கலந்த சளி சிரப் 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என 2023-ல் உத்தரவானது. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருப்பதைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டது. அது தொழிற்சாலைக் கரைப்பான். சிறுநீரகத்தைச் சாகடிக்கும். மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். இதை வீட்டில் கண்டுபிடிக்க வழியே இல்லை. சிரப் கொடுத்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு.

மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டுக்கொண்டால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கிவிடும். வாய்ப்புண்ணும் காய்ச்சலும் முதல் அறிகுறி. அட்டையின் மேல் பேனாவால் "திங்கள் மட்டும்" என்று எழுதுங்கள். வெறுமனே "வாரம் ஒன்று" என்று எழுதினால் வீட்டில் இன்னொருவர் எடுத்துக் கொடுக்கும்போது குழம்பிவிடும்.

வயலும் அட்டையும் மீண்டும் சந்திக்கும் இடம் சிறுநீரகம். பிரஷருக்கு டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர், நாளெல்லாம் வெயிலில் வேலை செய்து தண்ணீர் வற்றி, மாலையில் உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறார். மூன்றும் மூன்று வழியில் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் அழுத்தத்தைக் குறைக்கின்றன. ஒன்றொன்றாக இருந்தால் தாங்கும், சேர்ந்தால் ஒரே வாரத்தில், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிவிடும். அப்படிப்பட்டவர் வலிக்கு என்ன போடலாம் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுவது நல்லது.

ரத்தம் உறையாமல் தடுக்க வார்ஃபரின், அசெனோகூமரால் சாப்பிடுகிறவர்கள் மெட்ரோனிடசோல், கோ-ட்ரைமாக்சசோல் போன்ற ஆன்டிபயாடிக் தொடங்கினால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எகிறும். பல்லில் ரத்தம், கறுத்த மலம் கண்டால் தாமதிக்கக் கூடாது. எஸ்ஆர், எக்ஸ்எல் என்று பெயரோடு வரும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். நாளெல்லாம் மெதுவாக இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கும். பல வாரம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் மயங்கி விழலாம், டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஒரு தாள்

டாக்டரிடம் போகும்போது ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: சாப்பிடும் ஒவ்வொரு பொருளின் பெயர், மி.கி., எத்தனை வேளை. நாட்டு மருந்து, லேகியம், கடையில் கேட்டு வாங்கியவை. எந்த மருந்துக்கு ஒவ்வாமை. என்ன வேலை, அதில் எந்த இரசாயனம், கடைசியாக எப்போது தொட்டது. கடைசி வரியைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. பெயின்ட் பட்டறை, சாயப்பட்டறை, தோல் ஷெட், பேட்டரிக் கடை எதுவானாலும் எழுதுங்கள். வேலை நாளில் தலைவலி, விடுமுறையில் சரியாகிவிடுகிறது என்றால் அதையும் எழுதுங்கள்.

நஞ்சு ஏறிவிட்டால்

1. உங்களைக் காத்துக்கொண்டு ஆளை நகர்த்துங்கள். வெறுங்கையால் நனைந்த துணியைத் தொடாதீர்கள்.

2. துணியைக் கழற்றிவிட்டு உடம்பைச் சோப்பும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவுங்கள், தலைமுடி, நகக்கண் உட்பட. கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம்.

3. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், புளித்தண்ணீர், எண்ணெய் எதுவும் வேண்டாம். பூச்சிமருந்தில் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் இருக்கும், வாந்தி நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து.

4. நினைவு மங்கியிருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

5. 108-ஐ அழையுங்கள். டப்பாவையோ அட்டையையோ கையோடு கொண்டுபோங்கள். லேபிள் கிழியும் என்றால் படம் எடுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் மையம் 24 மணிநேரமும் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் டாக்டருக்கும் பொதுமக்களுக்கும் பதில் சொல்லும். ஒருவர் மனம் நொந்து வேண்டுமென்றே சாப்பிட்டிருந்தால், ஆஸ்பத்திரியில் சேர்த்து உயிர் மீண்டபிறகு மனநல உதவி எண்ணான 14416-இல் பேச உதவுங்கள், தமிழிலும் பேசுவார்கள். டாக்டர் எழுதிய மருந்தால் தடிப்போ, மஞ்சள் காமாலையோ, எதிர்பாராத வேறு கோளாறோ வந்தால், மருந்துப் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசிய உதவி எண்ணான 1800 180 3024-இல் பதிவு செய்யலாம். பதிவுக்கு அட்டையில் உள்ள பேட்ச் எண் தேவைப்படும். அட்டையின் அந்த முனையை வெட்டிப் போட்டுவிடாதீர்கள்.